முதல் சம்பளம் வரை

ஜனவரி 11

அன்பு அண்ணிக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் என் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனின் முதுகைத் தனியாக விசாரிக்கிறேன். பெயின்ட் அடிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அந்த முதுகுக்குக் குடும்பத்தில் இன்னொரு ஆள் அளவுக்கு மரியாதை வந்துவிட்டது.

போனில் கூப்பிட்டால், "எல்லாம் நல்லா இருக்கோம், நீ சாப்பிட்டியா?" என்பதோடு கதையை முடித்துவிடுகிறீர்கள். பேனாவைக் கையில் கொடுத்தால்தான் உங்களுக்கு வாய் திறக்கும். அதனால்தான் கடிதம்.

செய்தி இதுதான். எங்கள் துறைக்கு மானியம் கிடைத்துவிட்டது! அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இருபத்திரண்டு மையங்களில் தொழிற்பயிற்சி தருகிறோம் இல்லையா? படித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா, கிடைத்த வேலையில் நிலைத்தார்களா என்று கேட்டால் இதுவரை எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தகவல் இல்லாமல் இல்லை. வருகைப் பதிவேடு ஒரு அலமாரியில் தூங்குகிறது, சம்பள விவரம் வேறொரு துறையில் தூங்குகிறது. இரண்டையும் எழுப்பிக் கணினியில் ஏற்றி, பொருத்திப் பார்க்கத்தான் இந்த மானியம். இரண்டு வருடத் திட்டம். முதல் வருட வேலை பிடித்திருந்தால்தான் இரண்டாம் வருடத் தொகை வரும்.

பொறுப்பாளர் யார் தெரியுமா? உங்கள் வாலு. ஒப்பந்த வேலைதான், மானியம் நின்றால் என் வேலையும் போகும். இருந்தாலும் அந்த அறைக் கதவில் என் பதவியை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டில் எல்லாரும் "படிச்சது போதும்" என்று ஒரே பாட்டாகப் பாடியபோது, கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகாத நீங்கள், "அவ படிக்கட்டும், அவ பங்கு வேலையையும் நான் பாக்கறேன்" என்றீர்கள். அதற்கு நான் இன்றுவரை ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். இந்த அலுவலகத்தில் பயிற்சி பெறுகிறவர் என்றால் ஒரு எண். உங்கள் லிப்ட் வகுப்பில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள்
வாலு

*

ஜனவரி 27

அன்புள்ள வாலு,

இங்கே முதுகைத் தவிர எல்லாரும் நலம். உன் கடிதத்தை உன் அண்ணன் மூன்று முறை உரக்கப் படித்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நன்றி நான்தான் சொல்ல வேண்டும். "லிப்ட் ரிப்பேரா? நாற்பத்தொரு வயசுல நானா?" என்று நான் பதறியபோது, "தையல் வகுப்புல இடமில்ல அண்ணி" என்று பொய் சொல்லிச் சேர்த்துவிட்டாய். இங்கே வந்து பார்த்தால் தையல் அறையில் பாதி மிஷின் காலி. உன் பொய்க்கு நன்றி.

எங்கள் வகுப்பு ஒரு தகரக் கொட்டகை. நடுவில் இரும்புச் சட்டத்தில் ஒரு மாதிரி லிப்ட். தரை ஒன்று, மேல் தளம் ஒன்று, அவ்வளவுதான் அதன் உலகம். நாங்கள் ஒன்பது பெண்கள். சொல்லிக்கொடுக்கிறவரை மாஸ்டரம்மா என்போம். இருபது வருடத்துக்கு மேல் லிப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர். கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் டெஸ்டரைச் செருகியிருப்பார். "கதவு மூடலன்னா லிப்டைத் திட்டாதீங்க. யாரு காலு நடுவுல இருக்குன்னு குனிஞ்சு பாருங்க" என்பார். கோபம் வந்தால் எங்களையும் திட்ட மாட்டார், ஸ்பேனரை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் மாறும்.

நிபந்தனைதான் பயமுறுத்துகிறது. மாதத்தில் மூன்று நாள் வராவிட்டால் அந்த மாத உதவித்தொகை கிடையாது. வாடகையும் உன் அண்ணனின் மருந்தும் அதில்தான் ஓடுகின்றன. அதனால் காய்ச்சலைக்கூட ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

(இது அண்ணன்: தங்கச்சி, பதவியை எழுதி ஒட்டிய கதவுக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள்? உரிந்தால் சொல்.)

*

மார்ச் 2

அன்பு அண்ணிக்கு,

இங்கே நலமும் தூசியும் சமமாக இருக்கின்றன. மூன்று வருடப் பதிவேடுகள் எல்லா மையத்திலிருந்தும் மூட்டையாக வந்து இறங்கின. தட்டச்சுக்கு ஆறு பேர். முதல் நாள், "மேடம், சிலர் டிக் அடிச்சிருக்காங்க, சிலர் கையெழுத்து, சிலது வேற வேற மாதிரி இருக்கு, எப்படி ஏத்தறது?" என்று வந்து நின்றார்கள். நான் பெரிய அதிகாரி தோரணையில் சொன்னேன்: "கட்டத்துல ஏதாவது இருந்தா ஒண்ணு. காலியா இருந்தா பூஜ்யம். யோசிக்கவே வேண்டாம்." அதற்குப் பிறகு வேலை பறக்கிறது. இயக்குநர் என் தோளைத் தட்டாத குறைதான்.

இந்த மாதத்திலிருந்து புது வருகைப் பதிவும் சம்பளத் தகவலும் வாரா வாரம் வருகின்றன. ஆளை வேலைக்குச் சேர்த்த அன்றே கம்பெனிகள் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருப்பதால் எல்லாம் சுடச்சுடக் கிடைக்கிறது. இரண்டையும் பொருத்தினால் எந்தப் பயிற்சி சோறு போடுகிறது என்று முதல்முறையாகத் தெரியப்போகிறது. தூக்கம்கூட வரவில்லை, சந்தோஷத்தில்.

உங்கள் கடிதத்தை இயக்குநருக்குப் பாதி படித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. டெஸ்டர் கொண்டைக்குச் சிரித்தார். இன்னும் எழுதுங்கள்.

உங்கள்
வாலு

*

மார்ச் 30

அன்புள்ள வாலு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. நாங்கள் நலம். உன் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்துவிட்டார். வந்ததும் சுவரில் விரிசல் கண்டுபிடித்தார்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். லிப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், அவரோடு ஒரு நர்ஸ். நர்ஸ்தான் அழுதாள், பெரியவர் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேலே மிஷின் அறைக்கு ஓடி மின்சாரத்தை அணைத்தேன். பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி, அங்குலம் அங்குலமாக இறக்கினேன். மாஸ்டரம்மா சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒன்றுகூட மறக்கவில்லை, வாலு. எனக்கே ஆச்சரியம். கதவு திறந்ததும் பெரியவர் என்னைப் பார்த்து, "பொம்பளையா இறக்குன? அதான் அதிராம வந்துச்சு" என்றார். அன்று முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு நன்றாகப் போகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஏப்ரல் 6

அன்பு அண்ணிக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதுகிறேன், ஆனால் அப்படி ஒன்றும் இல்லை.

உங்கள் பெரியவர் கதையைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உங்கள் மையத்து லிப்டின் உலகம் தரை ஒன்று, மேல் தளம் ஒன்று. மூன்றாவதும் நான்காவதும் எங்கிருந்து வந்தன அண்ணி?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் இரண்டு தகவலையும் பொருத்தினோம். ஒரு மையத்தில் மட்டும் அறுபத்து மூன்று பேர், வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த நாட்களில் வகுப்புக்கும் வந்ததாகப் பதிவாகியிருக்கிறார்கள். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு இடம். ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றரை மாதம். அந்த நாட்களுக்கு உதவித்தொகையும் போயிருக்கிறது. இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "புடிச்சிட்டோம்மா! மானியம் வாங்குனதுக்கு இது ஒண்ணே போதும்!" என்றார். மே மாதக் கடைசிக்குள் பெயர்ப் பட்டியல் வேண்டுமாம். பட்டியலில் இருப்பவர்களுக்கு இனி எந்த உதவியும் கிடையாது. துறை மூலமாகக் கிடைத்த வேலையும் போய்விடும்.

அது உங்கள் மையம்.

இன்னும் நான் பார்த்தது எண்களைத்தான். பெயர்களைத் திறக்கவில்லை. திறப்பதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன். வகுப்புக்குப் போகிறீர்களா?

உங்கள்
வாலு

*

ஏப்ரல் 29

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது,

உன் அண்ணி மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டாள். அதனால் நான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார முடிகிறது என்பதே நல்ல செய்தி.

விஷயம் நீ நினைத்ததுதான். பிப்ரவரி இருபதாம் தேதி அவளுக்கு ஆஸ்பத்திரி லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. உனக்குச் சொல்லத் துடித்தாள். சொன்னால் நீ கணக்குப் பார்க்க வேண்டிவரும் என்று வாயை மூடிக்கொண்டாள். வேலையில் சேர்ந்த அன்றே உதவித்தொகை நின்றுவிடும், அது உங்கள் விதி. ஒரு மாதம் உழைத்து, அடுத்த மாதம் பாதியில்தான் முதல் சம்பளம், அது கம்பெனி விதி. நடுவில் ஒன்றரை மாதம் வீட்டுக்காரர் எந்த விதிப்படி சும்மா இருப்பார்? மாஸ்டரம்மாதான், "நீ போம்மா, சம்பளம் வர்ற வரைக்கும் உன் பேரை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தாராம். முதல் சம்பளம் வந்த அன்று இவளே போய்ச் சொல்ல, பெயரை எடுத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு நாள்கூட வாங்கவில்லை.

நான் படுத்துக்கிடந்து தின்றவன். யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அண்ணன்

(வாலு, நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அந்தப் பட்டியலில் என் வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா? — அண்ணி)

*

ஜூன் 3

அன்பு அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

ஐந்து வாரம் பதில் போடாமல் இருந்தேன். உங்கள் வரி என் திரையில்தான் இருந்தது, நாற்பத்தேழாவது வரி. ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். யாருக்கும் தெரியாது. ஒரு நாள் விரலைக் கொண்டுபோய் வைத்தும் பார்த்தேன். நீங்கள் எனக்காகத் தேய்த்த பாத்திரமெல்லாம் கண்முன் வந்தது. அதே நேரத்தில் மேலேயும் கீழேயும் அறுபத்திரண்டு வரி இருந்தது. அவர்களுக்குத் துறையில் நாத்தனார் இல்லை.

அழிக்கவில்லை அண்ணி.

மே பதினேழாம் தேதி உங்கள் ஊருக்கு வந்தேன். மையத்துக்குப் போய், தட்டச்சு முடிந்து அங்கே திரும்பிப் போயிருந்த மூலப் பதிவேட்டை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பீர்கள். அதைக் குடித்த பிறகு அந்த வரியை விட்டுவைக்க எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

பதிவேட்டில் என்ன இருந்தது தெரியுமா? வகுப்புக்கு வந்தவர்களுக்கு நீல மையில் டிக். வேலைக்குப் போய்விட்டவர்களுக்குப் பச்சை மையில் டிக். ஒவ்வொரு பதிவேட்டின் முதல் பக்கத்திலும் மாஸ்டரம்மாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "பச்சை: வேலையில் சேர்ந்தவர். முதல் சம்பளம் வரை." எதையும் மறைக்கவில்லை. பதினான்கு வருடமாக அதே குறிப்பு. என்னிடம், "இதுல ஒளிக்க என்னம்மா இருக்கு? படிக்கறவங்க படிச்சுக்கட்டும்னுதான் முதல் பக்கத்துலயே எழுதினேன்" என்றார்.

படிக்காதது நான். "கட்டத்துல ஏதாவது இருந்தா ஒண்ணு, யோசிக்கவே வேண்டாம்" என்று சொன்னதும் நான்தான். காகிதம் உண்மையைச் சொன்னது. என் கணினிதான் அதைப் பொய்யாக்கியது. நிறத்தை எங்கே ஏற்றுவது என்று ஒரு கட்டம்கூட நான் வைக்கவில்லை.

மே கடைசி நாளில் இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது, பட்டியலில் நாற்பத்தேழாவது ஆள் என் அண்ணி, இந்த மையத்தின் கோப்பை இனி வேறொருவர் பார்க்க வேண்டும். அவர் படித்துவிட்டு, "விதி விதிதானேம்மா? பச்சையோ சிவப்போ, பணம் போயிருக்கே" என்றார். விசாரணை வைக்கிறார்கள்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
வாலு

*

ஜூன் 12

வாலுவுக்கு,

நலம்.

மாஸ்டரம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கொட்டகைக்குப் பூட்டு. மீதிப் பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். விசாரணைக் கடிதம் கம்பெனிக்கும் வந்துவிட்டது. என்னை மிஷின் அறைக்கு அனுப்புவதில்லை, அலுவலக வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்து வீட்டுக்கு வராமல் போனாய். உன் அண்ணனிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அண்ணி

*

ஜூலை 15

அன்பு அண்ணிக்கு,

ஒரு மாதமாக உங்கள் நாலு வரியைச் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அண்ணன் நலமா? என் மருமகள் நலமா? ஸ்டூல் இன்னும் இருக்கிறதா?

நேற்று விசாரணை முடிந்தது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மூச்சு விட வேண்டும். மாஸ்டரம்மா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். அறுபத்து மூன்று பேர் மீதும் நடவடிக்கை இல்லை. உங்கள் கம்பெனிக்கு இன்றே கடிதம் போகிறது.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். குழுவில் ஐந்து பேர். கோப்பு என் கையில் இல்லை, என்றாலும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். என் தவறைச் சொன்னேன். பிறகு, கோப்பை எடுத்துக்கொண்ட சக ஊழியர் போட்டுப் பார்த்த கணக்கைக் காட்டினார்கள். பச்சை டிக் வாங்கிய அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் இன்றும் அதே வேலையில் இருக்கிறார்கள். மற்ற மையங்களில் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் விட்டுவிட்டு உதவித்தொகைக்கே திரும்பிவிட்டார்கள். ஏன் என்று இத்தனை வருடமாக எங்களுக்குத் தெரியவில்லை. முதல் சம்பளம் வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். மானியம் வாங்கி, கணினி வாங்கி, ஆறு பேரை வைத்து நாங்கள் தேடிய பதில், ஒரு தகரக் கொட்டகையில் பச்சை மையில் எழுதிக் கிடந்தது.

குழுத் தலைவி மாஸ்டரம்மாவிடம், "விதிக்கு மாறா செய்யறோம்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். அவர் பதற்றமே இல்லாமல் பையிலிருந்து பழைய பதிவேடுகளை எடுத்து அடுக்கினார். "தெரிஞ்சுதாம்மா முதல் பக்கத்துல எழுதி, வருஷா வருஷம் ஆய்வாளர்கிட்ட கையெழுத்து வாங்குனேன்" என்றார். ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் முத்திரை, 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்து. பதினோரு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில் இருந்த கையெழுத்து எங்கள் இயக்குநருடையது! அப்போது அவர் அங்கே ஆய்வாளராம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். "நானும் படிக்கல" என்றார் மெதுவாக. அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இரண்டாம் வருட மானியம் வருகிறது. வேலையில் சேர்பவருக்கு முதல் சம்பளம் வரை உதவித்தொகை தொடரும் என்று உங்கள் மையம் உட்பட ஐந்து இடங்களில் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள். கணினியில் அதற்கென்று தனிக் கட்டம். எனக்குப் பொறுப்பாளர் பதவி போய்விட்டது, உதவியாளராக வைத்துக்கொள்கிறார்கள். கதவிலிருந்து காகிதத்தை நானே உரித்தேன். அண்ணனிடம் சொல்லுங்கள், பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது.

எனக்கு வருத்தம் இல்லை. மாஸ்டரம்மாவுக்கும், அந்த ஆறு தட்டச்சர்களுக்கும், பாத்திரம் தேய்த்த உங்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

உங்கள்
வாலு

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள வாலு,

உன் நலத்தைக் கேட்டு எழுதுகிறேன், பதிலை நேரில் வந்து சொல். வீட்டில் எல்லாரும் நலம். ஸ்டூலை எடுத்துவிட்டார்கள். முதல் நாளே ஆறு மாடி லிப்டுக்குக் கதவு உருளைகளை மாற்றினேன். கம்பெனி மேனேஜர் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஜூன் மாதம் அந்த நாலு வரியைக் கோபத்தில்தான் எழுதினேன், அதை மறைக்க மாட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது உன்னை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா? "என் வரியை மட்டும்" என்று எழுதியவள் நான். மாஸ்டரம்மாவின் பெயரும் அதே பட்டியலோடு போகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். என்னை அனுப்பி வைத்தவரை விட்டுவிட்டு நான் மட்டும் கரையேறப் பார்த்தேன். நீ அதை எடுத்திருந்தால் என் வேலை பத்திரமாக இருந்திருக்கும், கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்க எனக்கு முகம் இருந்திருக்காது. நீ எழுதிய அந்தத் திங்கட்கிழமை மாஸ்டரம்மா பூட்டைத் திறந்தபோது நான் அவர் பக்கத்தில் நின்றேன். சாவியைத் திருப்பிக்கொண்டே, "உன் நாத்தனாருக்கு ஒரு கடுதாசி போடு, நான் சொன்னேன்னு" என்றார்.

புதுத் திட்டத்துக்கு வாக்குமூலம் வாங்க நேற்று ஒரு அதிகாரி வந்தார். படிவத்தில், துறையில் உறவினர் யாராவது இருந்தால் குறிப்பிடச் சொல்லி ஓர் இடம் இருந்தது. 'நாத்தனார்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவங்க உங்களுக்கு ஏதாவது சலுகை செஞ்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். நான் கேட்டும் செய்யல" என்றேன்.

சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

அண்ணி